பஃபை நிறுத்தச் சொன்ன அந்த ஃபார்வர்டு



நீளமான பதிவு இது. கோபத்தோடு எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தியவள் கோபத்தில் எழுதினாலும் எழுத்துப்பிழை வராது, பயப்படாதீர்கள். நாலு வரி பார்த்துவிட்டு லைக் போட்டு ஓடுகிறவர்கள் இந்த ஒரு தடவை மட்டும் கடைசிவரை படியுங்கள். நானும் அப்படி நாலு வரி பார்த்துவிட்டு ஓடியவள்தான். அதன் பலனைத்தான் எழுதப் போகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்றரை மணி. தங்கையிடமிருந்து போன். என் வயதில் அந்த நேரத்தில் போன் அடித்தால் கை நடுங்கும். "அக்கா, தம்பிக்கு இளைக்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தி மூச்சு வாங்குறான்" என்றாள். தம்பி என்று நாங்கள் கூப்பிடுவது அவளுடைய பேரனை. ஒன்பது வயது. நாலு வயதிலிருந்து வீசிங் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த பஃபைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று ஸ்பேசர் வைத்து இழுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவது வந்த பிள்ளை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது உதடு நிறம் மாறியிருந்தது. நெபுலைசர், ஆக்சிஜன், நரம்பில் ஊசி. இரண்டு ராத்திரி அங்கேயே. இப்போது தேறிவிட்டான், கவலை வேண்டாம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பஃப் ஒழுங்கா எடுக்கிறானா?" தங்கை மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டைப் படித்துவிட்டு.

அதில் இருந்த சாரம் இதுதான். ஸ்டீராய்டு மருந்து நம் செல்களின் மேல் உள்ள சர்க்கரையைக் கூட்டுகிறது, அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே வருகிறது, இது விஞ்ஞானிகள் நிரூபித்தது, ஆகவே பஃப் எடுக்கும் குழந்தைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்க அதுவே காரணம், உடனே நிறுத்துங்கள், இனிப்பையும் நிறுத்துங்கள். கீழே நாலு கும்பிடு, இரண்டு சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். அனுப்பியவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். படித்தவர், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் நாலு பேர் யோசனை கேட்கும் மனிதர். அந்த மரியாதையால்தான் மருமகள் நம்பினாள். (அத்தானிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, பேர் மட்டும் போடாதே" என்றார். அவருக்கு அந்தப் பெருந்தன்மை எப்போதும் உண்டு.)

அந்தச் செய்திக்குக் கீழே நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கும்பிடு போட்டேன். அவ்வளவுதான். படிக்கவில்லை. அத்தான் அனுப்பினார், மரியாதைக்கு ஒரு கும்பிடு. "பெரியம்மா, டீச்சர் நீங்களே கும்பிடு போட்டிருந்தீங்க, அதான் சரியா இருக்கும்னு நினைச்சேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகள் சொன்னபோது எனக்கு நிற்க முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். ஆனால் ஒரு விஷயம் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவேன். இப்போதும் அதைத்தான் செய்தேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தும் என் பழைய மாணவி ஒருத்தி இரண்டு மாலை நேரம் எனக்காக ஒதுக்கினாள். அன்று நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த பிள்ளை, இன்று எனக்கு வாத்தியார். அவளிடம் கேட்டதை என் பாணியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஃபார்வர்டு முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதே இல்லை. அதில் உண்மை இருக்கிறது. அரை உண்மை என்பதால்தான் அது படித்தவர்களையும் சாய்த்துவிட்டது.

செல்லின் மேல் சர்க்கரை இருப்பது உண்மை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் மேலே ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்தியிருக்கிறது. சங்கிலி சங்கிலியாக, கிளை கிளையாக, நெல்வயலில் கதிர் நிற்பதுபோல நிற்கும். இது உங்களுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் பள்ளி அடையாள அட்டையில் ரத்த வகை போட்டிருக்கிறதே, ஏ, பி, ஓ என்று, அது என்ன? ரத்தச் சிவப்பணுவின் மேல் உள்ள அந்தச் சர்க்கரைச் சங்கிலியின் நுனி எப்படி முடிகிறது என்பதுதான். பி வகை என்றால் நுனியில் காலக்டோஸ் என்ற சர்க்கரை ஒன்று கூடுதலாக இருக்கும். ஏ வகையில் அதற்குச் சற்றே மாறிய இன்னொன்று. ஓ வகையில் இரண்டும் கிடையாது. 1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார், 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டுபிடித்த அபூர்வமான 'பம்பாய் ரத்த வகை'யும் இதே கதைதான். அடிச்சங்கிலியிலேயே ஒரு சர்க்கரை குறைவு, அதனால் ஓ வகை ரத்தம்கூட அவர்களுக்குச் சேராது.

இப்போது கவனியுங்கள். அந்தக் காலக்டோஸ் பாலிலும் இருக்கிறது. பால் சர்க்கரையில் பாதி அதுதான். ஓ வகைக்காரர் தினமும் இரண்டு டம்ளர் பால் குடித்தால் பி வகை ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். அந்தச் சங்கிலியில் எந்த மணியை எங்கே கோர்ப்பது என்று முடிவு செய்பவை செல்லுக்குள் இருக்கும் நொதிகள். நொதிகளைத் தீர்மானிப்பது நம் மரபணு. நீங்கள் சாப்பிடும் ஜிலேபிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆகவே "இனிப்பை நிறுத்தினால் வைரஸ் ஒட்டாது" என்று எழுதிய மகானுபாவர், செல் மேல் உள்ள சர்க்கரை, ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, மளிகைக் கடைச் சர்க்கரை மூன்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கியிருக்கிறார். என் வகுப்பில் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். தம்பிக்கு அந்த மூன்று வாரம் பிறந்தநாள் கேக்கைக்கூடத் தரவில்லையாம்! (சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் சாக்காக வைத்து ஜிலேபி வாங்க வேண்டாம். உங்கள் கணக்கு வேறு.)

வைரஸ் அந்தச் சர்க்கரையைப் பிடிப்பதும் உண்மை. ஃப்ளூ காய்ச்சல் வைரஸ் நம் மூச்சுப்பாதை செல்லின் சர்க்கரைச் சங்கிலி நுனியில் உள்ள சியாலிக் அமிலம் என்ற ஒன்றைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. 1941-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் என்பவர் ஃப்ளூ வைரஸ் கோழியின் சிவப்பணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்ட வைப்பதைக் கவனித்தார். அங்கிருந்துதான் இந்த ஆராய்ச்சி கிளைவிட்டது. பன்றிக் காய்ச்சல் வந்தபோது ஹெச்1என்1 என்று எல்லோரும் சொன்னோமே, அதில் ஹெச் என்பது சர்க்கரையைப் பிடிக்கும் கை. என் என்பது அதை வெட்டும் கத்தரி. செல்லுக்குள் பெருகி வெளியே வரும் புது வைரஸ், அதே செல்லின் சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடாமல் இருக்கக் கத்தரி வேண்டும். 2009-ல் எல்லோர் வாயிலும் அடிபட்ட டாமிஃப்ளூ மாத்திரை அந்தக் கத்தரியை மழுங்கச் செய்யும் மருந்து.

பறவைக் காய்ச்சல் ஏன் கோழிப் பண்ணைகளைக் காலி செய்கிறது, ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாகப் பரவுவதில்லை? அதற்கு ஒரு முக்கியக் காரணம் இதே சர்க்கரைதான். சியாலிக் அமிலம் சங்கிலியோடு சேரும் கோணம் இரண்டு விதம். பறவை வைரஸுக்குப் பிடித்த கோணம் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். ஒரு சின்ன இணைப்பு திரும்பியிருக்கும் விதம், ஊர் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை அவள் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இதை ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்காமல் ஓய்வு பெற்றுவிட்டேனே என்று ஆதங்கம்.

சரி, ஸ்டீராய்டு அந்தச் சர்க்கரையை மாற்றுமா? மாற்றும். இதுவும் உண்மை! டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தால், சியாலிக் அமிலத்தைக் கோர்க்கும் ஒரு நொதியின் உற்பத்தி கூடுகிறது என்று 1989-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மனிதனுடைய ஃப்ளூ வைரஸ் விரும்பும் கோணத்தில் கோர்க்கும் அதே நொதி. அத்தான் "அறிவியலே சொல்லியிருக்கு" என்று சொன்னது இந்த வகை ஆராய்ச்சியைத்தான்.

ஆனால் எதில் கூடியது? எலியின் ஈரலில். ஈரல்கூட இல்லை, எலி ஈரல் புற்றுநோயிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில். ஈரலுக்கு அந்த நொதி வேண்டும், ரத்தத்தில் அனுப்பும் புரதங்களுக்குச் சர்க்கரை மாட்டுவது அதன் வேலை. அது மூச்சுக்குழாய் இல்லை. எலி ஈரலில் நடந்ததை எடுத்து, ஒன்பது வயதுப் பையனின் மூச்சுக்குழாயில் அப்படியே ஒட்டி, "அதனால் வைரஸ் ஏறும்" என்று ஒரு படி, "அதனால் பஃபை நிறுத்து" என்று இன்னொரு படி. நடுவில் எத்தனை படி காணாமல் போயிருக்கிறது பாருங்கள். கணக்கில் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் போட்டதில்லை.

அந்த நடுப்படிகளில் என்னவெல்லாம் இருக்கிறது? சர்க்கரை கூடினாலே வைரஸுக்குக் கொண்டாட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் மூக்குச் சளியிலும் தொண்டைச் சளியிலும் அதே சியாலிக் அமிலம் ஏராளமாக இருக்கிறது. வருகிற வைரஸ் செல்லைத் தொடும் முன் அந்தச் சளியைப் பிடித்து மாட்டிக்கொள்கிறது. மாடு வீட்டுக்குள் வராமல் இருக்க வாசலிலேயே வைக்கோல் போடுவதுபோல. அதிலிருந்து விடுபடவும் அந்தக் கத்தரி தேவைப்படுகிறது. ஆக, ஒரே சர்க்கரை ஓரிடத்தில் கதவு, இன்னோர் இடத்தில் பொறி. மொத்தமாகக் கூடினால் யாருக்கு லாபம் என்று ஒரு தட்டில் வளர்த்த ஈரல் செல்லை வைத்துச் சொல்லவே முடியாது.

கொரோனா வைரஸுக்கும் சர்க்கரை வேண்டும். ஹெபரான் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் முதலில் தொற்றிக்கொண்டு பிறகு ஏசிஇ2 என்ற கதவைத் திறக்கிறது என்று 2020-ல் கலிஃபோர்னியாவில் காட்டினார்கள். அதே வருஷம் ஆஸ்துமாக்காரர்களின் சளியை ஆராய்ந்த இன்னொரு குழு, பஃபில் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் அந்த ஏசிஇ2 அளவு குறைவாக இருப்பதைப் பார்த்தது. ஸ்டீராய்டு இங்கே கதவைக் குறைக்கிறது! இதை வைத்து "கொரோனா வராமலிருக்க எல்லோரும் பஃப் எடுங்கள்" என்று யாராவது ஃபார்வர்டு செய்தால் அதுவும் அதே அயோக்கியத்தனம்தான். அணுவில் பார்த்ததை ஆளில் பார்க்காமல் பேசக் கூடாது.

ஆளில் பார்த்தது என்ன? பிரிட்டனில் பிரின்சிபிள் என்று ஒரு சோதனை. ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலேயே கொரோனாவோடு இருந்த வயதானவர்களுக்கு புடெசோனைடு பஃப் கொடுத்துப் பார்த்தார்கள். நம் தம்பி இழுப்பதும் புடெசோனைடுதான். எடுத்தவர்கள் சுமார் மூன்று நாள் சீக்கிரம் தேறினார்கள் என்று 2021-ல் அறிவித்தார்கள். சர்க்கரை கூடி வைரஸ் அப்பிக்கொள்ளும் என்ற கதை இங்கே என்ன ஆயிற்று?

ஆஸ்துமா பிள்ளைக்குச் சளி பிடித்தால் இளைப்பு வருவது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அதற்கு முக்கியக் காரணம் மூச்சுக்குழாயின் உள்சுவர் ஏற்கெனவே புண்போலச் சிவந்து வீங்கியிருப்பது. அந்த வீக்கத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி வைப்பதுதான் பஃபில் உள்ள ஸ்டீராய்டின் வேலை. அது உடனே தெரியாது. நிறுத்தினாலும் உடனே தெரியாது. முதல் வாரம் பிள்ளை நன்றாக இருப்பான், "பாத்தியா, பஃப் இல்லாமலே நல்லா இருக்கான்" என்று தோன்றும். உள்ளே வீக்கம் மெதுவாகத் திரும்பிவரும். பிறகு ஒரு சாதாரணச் சளி போதும். தம்பிக்கு நடந்தது இதுதான்.

அன்று ராத்திரி தம்பிக்கு நரம்பில் போட்ட ஊசியும் ஸ்டீராய்டுதான். எந்த மருந்துக்குப் பயந்து பஃபைப் பரண் மேல் வைத்தார்களோ, அதே மருந்து பல மடங்கு கூடுதலாக ஏற்றித்தான் மூச்சைத் திருப்பினார்கள்.

இனிமேல்தான் என் கோபத்தின் முக்கியப் பகுதி.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாள், அத்தான் பார்க்க வந்தார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பொட்டலம்தான். மெடிக்கலில் "முட்டி வலிக்குது, செட் மாத்திரை கொடுப்பா" என்றால் கத்தரியால் வெட்டிப் போட்டுக் கொடுப்பார்களே, அது. மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, சின்னதாக ஒன்று. வேளைக்கு ஒரு பொட்டலம், ஒரு நாளைக்கு மூன்று. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறாராம். "அருமையான மாத்திரை, அன்னைக்கே வலி போயிடுது" என்றார். அவர் முகம் உப்பியிருந்ததை நாங்கள் எல்லோரும் "அத்தான் சதை போட்டுட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சின்ன மாத்திரை இருந்த அட்டைத் துண்டை நான் வாங்கிப் பார்த்தேன். வெட்டியதில் பெயரின் முன்பாதி போய்விட்டது. பின்பாதி மட்டும் இருந்தது: "…மெதசோன் 0.5". மருந்தாளுநராக இருக்கும் என் மாணவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "டீச்சர், அது டெக்சாமெதசோனா இருக்கலாம், பீட்டாமெதசோனா இருக்கலாம். எதுவா இருந்தாலும் ஸ்டீராய்டு" என்று பதில் வந்தது.

கணக்குப் போடுவோமா? எனக்குப் பிடித்த பாடம். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். தம்பி இழுக்கும் பஃப் ஒன்றுக்கு 100 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 200. அதிலும் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போவதில் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும், உடம்பு முழுக்கப் போவது கொஞ்சம். அத்தான் விழுங்கியது வேளைக்கு 500 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 1,500. பெரும்பகுதி ரத்தத்தில் கலப்பது. மருந்துக்கு மருந்து வீரியம் வேறு, எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது என்று மாணவன் எச்சரித்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைவிட வேடிக்கை உண்டா? டாக்டர் அளந்து கொடுத்த 200-ஐப் பையனிடமிருந்து பிடுங்கிய மனிதரின் பையில், யாருமே அளக்காத 1,500.

இது அத்தானுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நம் ஊரின் வியாதி. பஃப் என்றால் "பழக்கமாயிடும், சின்னப் பிள்ளைக்கு எதுக்கு" என்று முகம் சுளிப்போம். செட் மாத்திரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவோம். பெயர் தெரிந்த மருந்துக்குப் பயம், பெயரை வெட்டிவிட்ட மருந்தின் மேல் நம்பிக்கை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2021-ல் இரண்டாவது அலையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. டெஸ்ட் எடுக்கப் பயந்து, இரண்டாம் நாளே ஒரு கடையில் செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காய்ச்சலும் இல்லை, உடம்பு வலியும் இல்லை. பிரமாதம் என்று வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கினேன். நாலாம் நாள் மயக்கம், பரிசோதித்தால் சர்க்கரை 380. ஸ்டீராய்டு எந்தச் சர்க்கரையைக் கூட்டும் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரையைக் கூட்டும். அது சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். அந்த வருஷம் ஜூன் கடைசிக்குள் நாடு முழுக்க 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததே, கண்ணை எடுத்தார்களே, தாடையை எடுத்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். ஃபார்வர்டு எழுத வேண்டுமென்றால் இதை எழுதியிருக்கலாமே ஐயா!

ஸ்டீராய்டு வைரஸ் காய்ச்சலில் என்ன செய்யும் என்பதற்கு, நான் பார்த்த கணக்குகளிலேயே நேர்மையான கணக்கு பிரிட்டனின் ரெகவரி சோதனை. 2020-ல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில், குலுக்கல் முறையில், 2,104 பேருக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோனை அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை. 28 நாள் கழித்து எண்ணினார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில், மருந்து இல்லாத நூறு பேரில் 41 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்த நூறு பேரில் 29. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26, மருந்தோடு 23. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? மருந்து இல்லாமல் 14, மருந்தோடு 18. கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் நன்மை இல்லை என்பது உறுதி.

ஒரே மாத்திரை. ஒரே அளவு. ஒரே வைரஸ். மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டிய நிலைக்குப் போனவரை இழுத்துப் பிடிக்கிறது, போகாதவருக்கு உதவவே இல்லை. ஏன்? முதல் நாட்களில் வைரஸோடு சண்டை போடுவது நம் உடம்பின் படை. அப்போது ஸ்டீராய்டு போட்டால் நம் படையின் கையைக் கட்டிவிடுகிறோம். பிறகு சிலருக்கு அந்தப் படையே வெறி பிடித்துச் சொந்த நுரையீரலை அடிக்கத் தொடங்கும். அப்போது கையைக் கட்டத்தான் வேண்டும். இதில் செல் மேல் சர்க்கரை எத்தனை கூடியது என்பது பேச்சே இல்லை. டெங்குவுக்கும் ஸ்டீராய்டு தரவேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டெங்கு வைரஸும் ஹெபரான் சல்ஃபேட் சர்க்கரையைப் பிடிக்கிற ஜாதிதான். ஆனால் அந்த அறிவுரைக்குக் காரணம் சர்க்கரை இல்லை, கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை என்பதுதான்.

காய்ச்சல் வந்த முதல் நாளே செட் மாத்திரை விழுங்கும் நம் ஆட்கள் எல்லோரும், அந்த 14-ம் 18-ம் கணக்கில் இருப்பவர்கள். காய்ச்சல் இறங்குவது குணமானதால் அல்ல. தீப்பிடித்த வீட்டில் மணியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம்.

மெடிக்கல் வைத்திருக்கும் என் மாணவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையை விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். "டீச்சர், நாங்க கொடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிடுவாங்க" என்பீர்கள். பக்கத்துப் பையன் காப்பி அடிக்கிறான் என்று நீங்கள் காப்பி அடித்தபோது நான் விட்டேனா? குறைந்தபட்சம், அட்டையை வெட்டும்போது பெயர் தெரிகிற பக்கத்தை வெட்டிக் கொடுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது அந்த மனிதருக்கு இருக்கட்டும்.

ஸ்டீராய்டு விஷம் என்று யாரும் என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். 1948-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் மூட்டு வாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள், சில நாளில் எழுந்து நடந்தாள். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. அதைத் தொடர்ந்து கொடுத்ததில் வந்த கெடுதல்களையும் அதே டாக்டர்கள்தான் முதலில் பார்த்தார்கள். அதனால்தான் எத்தனை மைக்ரோகிராம், எந்த வழியாக, எத்தனை நாள் என்று எழுபத்தைந்து வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். பஃப் என்பதே அந்த அளவுக் கவலையில் பிறந்தது. உடம்பு முழுக்கப் போகாமல், வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சமாக.

பஃப் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: எடுத்து முடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். அளவைக் குறைக்க வேண்டும் என்று தோன்றினால் டாக்டரிடம் கேளுங்கள், நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அவர்களே குறைப்பார்கள். செட் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் என் பதிவைப் படித்துவிட்டு ஆவேசமாக நாளையே தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் நம் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறார். அக்கா காலண்டரில் தேதிக்குத் தேதி எழுதி வைத்திருக்கிறாள். முட்டி வலி திரும்பிவிட்டது, என் மேல் கோபம் இருக்கிறது, ஆனால் முகத்தில் உப்பல் கொஞ்சம் வடிந்திருக்கிறது. போன ஞாயிறு போனபோது, "பின்ன அந்தக் கட்டுரை பொய்யா?" என்று மறுபடி கேட்டார். பொய் இல்லை அத்தான், அந்த எலி ஈரல் செல்லுக்கு முழுக்க உண்மை என்றேன். சிரித்துவிட்டார்.

தம்பி தினமும் இரவு பஃப் எடுத்து, கொப்பளித்து, அந்த வீடியோவை எனக்கு அனுப்புகிறான். "பெரிய பாட்டி, டிக் போடுங்க" என்று கீழே ஒரு வரி. கையால் நோட்டுப் புத்தகத்தில் டிக் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன். நேற்றோடு பத்தொன்பது.

அந்த ஃபார்வர்டு இன்னும் எங்கள் குழுவில் கிடக்கிறது. அழிக்கும் நேரம் கடந்துவிட்டதாம், இப்போது அழித்தால் அனுப்பியவரின் போனில் மட்டும்தான் போகுமாம். என் கும்பிடும் அதன் கீழேயே இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். இந்தப் பதிவை அங்கேயும் ஒட்டப் போகிறேன். அதற்குக் கீழே யாரும் கும்பிடு போட வேண்டாம். கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரியாததை என் மாணவியிடம் கேட்டுச் சொல்கிறேன்.